ஈ.சி.ஆர்.: ஒரு முத்திரை பிறந்த கதை

சென்னைக்காரர்களுக்கு ஈ.சி.ஆர். என்றால் கடலோரச் சாலை. கோவளம், மாமல்லபுரம், ஞாயிற்றுக்கிழமை மீன் வறுவல். கொடைக்கானல் மேல்மலையில் அந்த மூன்றெழுத்துக்கு வேறு அர்த்தம். அங்கேயும் கடல் சம்பந்தப்பட்டதுதான், ஆனால் கடலைத் தாண்ட விடுவார்களா மாட்டார்களா என்பது பற்றியது.

மூஞ்சிக்கல்லில் ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பட்டா நகல், பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைனில் பதிவது என்று எல்லாம் அங்கே நடக்கும். மழைக்கு ஒதுங்கினவன் நான். எனக்கு முன்னால் தலையில் கம்பளிக் குல்லா போட்ட ஒரு பையன், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அக்காவிடம் விவரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தம்பி, டென்த் பாஸா?"

"கணக்குல போயிருச்சுக்கா."

"அப்ப ஈ.சி.ஆர்.தான் விழும்."

"விழுந்தா என்னக்கா?"

"சிங்கப்பூர், மாலத்தீவுன்னா ஒண்ணும் இல்ல. கத்தார், சவுதி, துபாய்னா க்ளியரன்ஸ் தனியா வாங்கணும். உன் ஏஜென்ட் சொல்லலையா?"

ஏஜென்ட் சொல்லியிருக்கவில்லை. 'விசா ரெடி' என்று மட்டும் சொல்லியிருந்தார். பையனுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து பூண்டு, கேரட், பீன்ஸ் என்று காட்டு வேலை. பூண்டு விதைப் பல் எப்படி இருந்தால் முளைக்கும், உறைபனி எந்தச் சரிவில் முதலில் இறங்கும் என்பதெல்லாம் அவனுக்குக் கைப்பாடம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. பூண்டுக்குச் சான்றிதழ் உண்டு, விளைவிக்கிறவனுக்குத்தான் இல்லை. பாஸ்போர்ட் படிவத்தில் படிப்பைக் கேட்கிற இடத்தில் சில கட்டங்கள்தாம் இருக்கின்றன. அதில் எட்டு, ஒன்பது வரை என்ற கட்டத்தில் அக்கா டிக் அடித்தார். அவ்வளவுதான், முத்திரை முடிவாகிவிட்டது.

எமிக்ரேஷன் செக் ரெக்வயர்டு. குடிபெயர்வுச் சோதனை தேவை. பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா, ஜோர்டான், லெபனான், ஏமன் என்று 18 நாடுகளில் எதற்காவது வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். ஒப்பந்தம், காப்பீடு, பதிவு பெற்ற ஏஜென்ட் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். நல்லதுக்குத்தான். ஆனால் இந்த நல்லது எங்கே, எப்போது, யாருடைய பயத்தில் பிறந்தது என்று தேடிப் போனால் இந்த மலையடிவாரத்துக்கே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

முத்திரைக்கு முன்னால் தகரம் இருந்தது.

1840-களில் இலங்கையில் காப்பித் தோட்டங்கள் பெருகின. தோட்டத்துக்கு ஆள் வேண்டும். மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மழை பொய்த்த வருஷங்களில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். மொரீஷியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போகிறவர்களுக்குச் சட்டமும், துறைமுகத்தில் விசாரணையும் ஏற்கெனவே இருந்தன. இலங்கைக்கு மட்டும் அது வேண்டாம் என்று 1847-இல் விலக்குக் கொடுத்தார்கள். பக்கத்து ஊர்தானே என்ற நினைப்பு. நடந்தும் தோணியிலும் போனவர்கள் வழியில் எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒரு சின்ன விலகல். அதே 1840-களில், 1845-இல், மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் கொடைக்கானலுக்கு ஏறி வந்து முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். பாதி உலகத்தைத் தாண்டி வந்தவர்கள். அவர்களிடம் யாரும் விசா கேட்கவில்லை. படிப்புச் சான்றிதழும் கேட்கவில்லை. மலைமேல் அவர்களை டோலியில் தூக்கி வந்தது கூலிகள். தூக்கியவர்களின் ஊர்களிலிருந்துதான் இலங்கைக்கும் ஆள் போய்க்கொண்டிருந்தது.

தோட்டத் துரைகள் கங்காணியை ஊருக்கு அனுப்புவார்கள். கங்காணி தன் சொந்தக்காரர், சாதிக்காரர், பக்கத்து ஊர்க்காரர் என்று முன்பணம் கொடுத்துக் கூட்டிவருவான். அந்த முன்பணம் கடனாகத் தொழிலாளி தலையில் ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவதானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதுத் துரை கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். கடன் அடைந்ததாக அர்த்தமில்லை, ஆள் மாறியதாகத்தான் அர்த்தம். துண்டு 1921-இல் சட்டப்படி ஒழிந்தது.

தகரம் வந்தது 1901 வாக்கில். தோட்டத்துக்கான அடையாளம் பொறித்த சின்ன உலோக வில்லைகளைக் கங்காணி கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஊரில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வில்லை. கப்பலேறும் முன் காத்திருக்கும் மண்டபம் முகாமில் அதைப் பார்த்தாலே ஆள் எந்தத் தோட்டத்துக்கு என்று தெரிந்துவிடும். ரயில், கப்பல் செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். எழுத்துத் தெரிய வேண்டாம், பேர்கூடச் சரியாகச் சொல்ல வேண்டாம். திருச்சியில் 1904 முதல் இலங்கைத் தொழிலாளர் ஆணையம் என்று துரைமார் சங்கத்துக்கு அலுவலகமே இருந்தது. தகர டிக்கெட்தான் தமிழ்நாட்டின் படிக்காத ஆளுக்குக் கிடைத்த முதல் வேலை விசா என்று நான் சொல்வேன். வரலாற்றாசிரியர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் வேலைதாரர் பெயர் ஒட்டி, அவர் செலவில், அவர் தோட்டத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு அனுமதிக்கு வேறென்ன பெயர்? வளைகுடாவில் 'கஃபீல்' என்று இன்று சொல்கிறார்களே, அந்த முதலாளிப் பொறுப்பு முறையின் சொந்தக்காரன்தான் இந்தத் தகர வில்லையும்.

இதற்கு எதிர்ப்பு கிளம்பியது வேறு திசையில். தென்னாப்பிரிக்காவிலும் பிஜியிலும் ஒப்பந்தக் கூலிகள் பட்ட பாடு வெளியே வந்தது. கோகலே 1912-இல் சட்டசபையில் ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார்; 1916-இல் மதன் மோகன் மாளவியா கொண்டுவந்தார். 1917-இல் போர்க்காலச் சட்டத்தைக் காட்டி அந்த முறையை நிறுத்தினார்கள். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம். ஈ.சி.ஆர். முத்திரையின் உண்மையான பிறந்த வீடு இதுதான்.

அந்தச் சட்டம் ஒரு கோடு கிழித்தது. திறன் உள்ள வேலை ஒரு பக்கம், திறன் இல்லாத வேலை மறுபக்கம். திறன் இல்லாத வேலைக்கு வெளிநாடு போவது, அரசு அறிவித்த நாட்டுக்கு, அரசு சொன்ன நிபந்தனைப்படி மட்டும்தான் சட்டபூர்வம். சரி, எது திறன்? கைவினைஞர் வேலை, குமாஸ்தா வேலை, கடையில் விற்பனை, கண்காட்சி கேளிக்கைகளில் வேலை, உணவகத்திலோ தேநீர்க் கடையிலோ பரிமாறுவது, வீட்டு வேலை. இவையெல்லாம் திறன் பட்டியலில் இருந்தன. எது திறனில்லை? அதற்குச் சட்டம் நீட்டி விளக்கவில்லை; விவசாயத்தில் ஈடுபடுவதும் அதில் அடங்கும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது.

இதை முதலில் படித்தபோது ஒரு நிமிஷம் புத்தகத்தை மூடி வைத்தேன். தேநீரைக் கோப்பையில் கொண்டுவந்து மேசைமேல் வைப்பது திறன். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, முற்றினது சேராமல், நாளெல்லாம் சரிவில் நின்று கொழுந்து கிள்ளுவது திறனில்லை.

எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. தோட்டங்களுக்குக் கூட்டமாக ஏற்றுமதியாகிற ஏழை விவசாயக் கூலியைக் காப்பாற்ற வேண்டும், அவன்தான் அதிகம் ஏமாறுகிறான், அவனை ஒரு வேலிக்குள் வைப்போம் என்பதுதான் நோக்கம். அந்த வேலியால் பலனும் இருந்தது. இலங்கையும் மலாயாவும் இந்திய அரசின் பேச்சைக் கேட்க வேண்டியதாயிற்று. கண்டியில் இந்திய அரசின் முகவர் உட்கார்ந்தார். 1927-இல் இலங்கைத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஆள் அனுப்ப மாட்டோம் என்று சொல்ல ஒரு சட்டம் கையில் இருந்ததால் வந்த மரியாதை அது.

பிறகு உண்மையாகவே சொன்னார்கள். மலாயாவில் கூலியைக் குறைத்தார்கள்; 1938-இல் செலவு கொடுத்துத் தொழிலாளரை அழைத்துப் போவதை இந்தியா நிறுத்தியது. இலங்கை அரசு தன்னிடம் வேலை பார்த்த இந்தியத் தினக்கூலிகளை வெளியேற்றத் தொடங்கியது. 1939 ஆகஸ்ட் 1 முதல் இலங்கைக்குத் திறனில்லாத் தொழிலாளர் போவதற்குத் தடை விழுந்தது. நியாயமான கோபம். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் புருஷனும் இந்தப் பக்கம் பெண்டாட்டியுமாகப் போன குடும்பங்களுக்கு அது கோபமாகத் தெரிந்திருக்காது.

காப்பதும் தடுப்பதும் ஒரே கையெழுத்தில் நடக்கும் என்பது அப்போதே தெரிந்துபோன விஷயம்.

அந்தப் பக்கம் இருந்தவர்கள் கதை நமக்குத் தெரிந்ததுதான். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பேசலாம் என்று முடித்தார்கள். பிறகு வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். பாட்டனார் தகர வில்லையோடு காத்திருந்த அதே மண்டபம் முகாமில் பேரன்கள் குடும்ப அட்டையோடு காத்திருந்தார்கள்.

மலையும் குளிரும் பழகியவர்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் நிறையப் பேர் வந்து சேர்ந்தார்கள். கொடைக்கானல் மேல்மலையில் தோல் பதனிடும் பட்டைக்காக வளர்த்த வாட்டில் காடுகள் பரந்து கிடந்தன; சீகை மரம் என்றும் சொல்வார்கள். பட்டை உரிக்கக் காண்டிராக்டர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் கூட்டிப்போனார்கள். குடிசை, ரேஷன், கடன் கணக்கு. கடன் கழியும் வரை வெளியே போக முடியாது. இலங்கையில் 1921-இல் செத்த துண்டு, பழனி மலையில் எழுத்தில்லாமலே மறுபடி உயிர்த்துவிட்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது என்றாலும் 1980-களில்தான் மேல்மலைக் காட்டு விஷயம் வெளியே தெரிந்தது. தமிழ்நாட்டுக் கொத்தடிமைகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. கடல் தாண்டிப் போகிறவனைக் காக்க அதிகாரி உண்டு. தாண்டித் திரும்பி வந்தவனைக் காக்க யாரும் இல்லை.

இதற்கிடையில் 1973-இல் எண்ணெய் விலை ஏறியது. பாலைவனத்தில் ஊர்கள் எழும்பின. பம்பாயிலும் சென்னையிலும் ஏஜென்ட் அலுவலகங்கள் முளைத்தன. பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றியவர்கள், வேலையே இல்லாத ஊரில் கொண்டுபோய் இறக்கியவர்கள், விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு ஓடியவர்கள் என்று தினத்தந்தியில் செய்திக்குக் குறைவில்லை. தமிழ்நாடு அரசே 1978-இல் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப ஒரு நிறுவனம் தொடங்கியது. சட்டம் மட்டும் அதே 1922 சட்டம்தான். விமானத்தில் ஏறும் கொத்தனாரைத் தோணியில் ஏறும் கூலிக்காக எழுதிய சட்டம் ஆண்டுகொண்டிருந்தது. ஒருவழியாக 1983-இல் புதுச் சட்டம் வந்தது. அதில் ஏஜென்ட்டுக்குப் பதிவும் வைப்புத்தொகையும் கட்டாயம், போகிறவருக்குப் பாதுகாவலர் அனுமதி கட்டாயம். யாருக்கு அனுமதி தேவையில்லை என்று ஒரு பட்டியல். அதற்குள் படிப்பு நுழைந்தது. எவன் ஏமாறுவான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படிக்காதவன் ஏமாறுவான். சுலபமான பதில். இப்போது அந்தப் பதில் பத்தாம் வகுப்பில் வந்து நிற்கிறது.

ஆக, 'திறனில்லாதவன்' என்ற 1922-இன் சொல் 'படிக்காதவன்' என்ற சொல்லாக மாறி பாஸ்போர்ட்டுக்குள் குடியேறியது. முதலில் தேறியவர்களுக்கு ஈ.சி.என்.ஆர். என்று முத்திரை குத்தினார்கள், சோதனை தேவையில்லை என்று. 2007 முதல் அதை நிறுத்தினார்கள். முத்திரை இல்லாத பாஸ்போர்ட் என்றால் சோதனை இல்லை; இருப்பவருக்கு மட்டும் இருக்கிறது. சின்ன நிர்வாக வசதிதான். ஆனால் அதுவரை இரண்டு வகை முத்திரையாக இருந்தது, அதற்குப் பிறகு முத்திரை உள்ளவர், இல்லாதவர் என்று ஆயிற்று.

2018 ஜனவரியில் இன்னும் ஒரு படி ஏறப் பார்த்தார்கள். ஈ.சி.ஆர்.காரர்களுக்கு ஆரஞ்சு நிற அட்டை போட்ட பாஸ்போர்ட் தரப்போவதாக அறிவிப்பு வந்தது. வரிசையில் நிற்கும்போதே தூரத்திலிருந்து தெரிந்துவிடும். கேரளத்திலிருந்து பெரிய கூச்சல் கிளம்பியது. வளைகுடாவில் இருக்கிறவர்கள் கொதித்தார்கள். மாத முடிவுக்குள் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். ஆரஞ்சு அட்டை மட்டும் வந்திருந்தால் தகர வில்லை நூறு வருஷத்துக்குப் பிறகு மறுபிறவி எடுத்திருக்கும்.

முத்திரையால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2003-இல் தொடங்கிய காப்பீட்டில் சில நூறு ரூபாய் கட்டினால் பத்து லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பை ஏஜென்ட்டிடம் எடுத்துச் சொல்லும் ஆள் மேல்மலையில் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். என் மனத்தாங்கல் இதுதான்: ஏமாற்றுகிறவனைச் சந்தேகப்பட வேண்டிய இடத்தில், ஏமாறுகிறவன் பாஸ்போர்ட்டில் குறி போடுகிறோம். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண் முப்பது வயதாகாமல் அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகவே முடியாது. காப்பாற்றத்தான். ஆனால் விசிட் விசாவில் போய்ப் பிறகு வேலையில் சேரும் குறுக்கு வழி இருக்கிறது. அதில் போகிறவளுக்குப் பாதுகாவலரும் இல்லை, காப்பீடும் இல்லை. வேலி உயர உயர, அடியில் தோண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

வெளியே உள்ள கதவுகள் இதைவிட மோசம். அமெரிக்கா 1952 சட்டத்திலேயே ஹெச்-1 என்று தனித்தகுதி உடையவர்களுக்கும் ஹெச்-2 என்று மற்றவர்களின் தற்காலிக வேலைக்கும் பிரித்துவிட்டது. நம் ஊரில் ஹெச்-1 பற்றிச் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஹெச்-2 என்று ஒன்று இருப்பது தெரிந்தவரை இன்னும் நான் பார்க்கவில்லை. நிரந்தரமாகக் குடியேற, பெரிய திறன் தேவைப்படாத வேலைக்காரர்களுக்கு உலகம் முழுதுக்குமாகச் சேர்த்து வருஷத்துக்கு 10,000 இடம் என்று 1990-இல் வைத்து, பிறகு அதிலும் குறைத்தார்கள். கனடா 1967-இல் மதிப்பெண் முறை கொண்டுவந்தது. நிறத்தைப் பார்க்காமல் படிப்பையும் மொழியையும் பார்த்தது. நிறவெறிக்கு அது பெரிய அடிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பூண்டுக்காரப் பையனுக்கு இரண்டும் ஒன்றே.

சிங்கப்பூர் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. ஈ.சி.ஆர். பட்டியலில் அது இல்லை. கட்டட வேலைக்குப் போவதானால் ஸ்கில் டெஸ்ட் தேற வேண்டும். சென்னையைச் சுற்றி அதற்கென்று பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. கம்பி கட்டுவது, டைல்ஸ் பதிப்பது, பூச்சு, குழாய் வேலை என்று ஏதாவது ஒன்றில் பரீட்சை. வருஷக்கணக்காகக் கொத்தனாராக இருந்தவரும் பணம் கட்டி அங்கே போய்த் தனக்குத் தெரிந்ததைத் தனக்குத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். அடிபட்டுக் கற்றது கணக்கில் வராது, அட்டையில் ஏறியது மட்டும் வரும். இருந்தாலும் அது கையைப் பார்க்கிற பரீட்சை. அல்ஜீப்ரா கேட்பதில்லை. அந்த மட்டில் நான் சிங்கப்பூர் பக்கம்.

பையனின் விண்ணப்பத்துக்கு வருவோம். அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. ஆதார், ரேஷன் கார்டு, மாற்றுச் சான்றிதழ், அவற்றோடு ஓரம் மக்கிய ஒரு பழைய பாஸ்போர்ட்.

"இது எதுக்கு தம்பி?"

"எதுக்கும் இருக்கட்டும்னு அப்பாயி குடுத்து விட்டுச்சு."

அக்கா வாங்கிப் பிரித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கண்டியில் இருந்த இந்திய அலுவலகம் கொடுத்தது. கையால் எழுதிய மை பழுப்பாகியிருந்தது. படத்தில் மூக்குத்தி போட்ட ஒரு சின்னப் பெண் எதையோ பார்த்துப் பயந்தது போல் விழித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவள் என்று பையன் சொன்னான். உள்ளே புறப்பட்ட சீல் ஒன்று, வந்து சேர்ந்த சீல் ஒன்று. மற்றப் பக்கங்கள் அத்தனையும் வெறுமை.

"இதுல ஈ.சி.ஆர். இல்லியேக்கா?"

"அப்பல்லாம் அது கிடையாது தம்பி."

அவன் பக்கத்தைத் திருப்பி, தொழில் என்ற இடத்தில் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். லேபரர்.

"எனக்கும் இதையே போடணுமாக்கா?"

"இப்ப அதெல்லாம் கேக்கிறதில்ல. போனப் பாரு, ஓடிபி வந்திருக்கும். சொல்லு."